பிரியமான பாண்

என் அருமைக் குஞ்சுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ தொலைபேசியில் அழுத பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. அழுகிற பிள்ளையிடம் "சாப்பிட்டியோ?" என்றுதான் எனக்குக் கேட்க வந்தது. இல்லை என்று நீ சொன்னதும் ஏசிப்போட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. இன்றைக்கு வெள்ளன எழும்பி, முற்றம் கூட்டி, தேத்தண்ணியும் கையுமாக மேசைக்கு வந்திருக்கிறேன். இதை எழுதி முடிக்காமல் அடுப்படிக்குப் போவதில்லை.

நடந்ததை நான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று பார். மொழிபெயர்க்கச் சொல்லித் தந்த பந்தியில் "பிரெட் வொஸ் டியர் தற் வின்ரர்" என்று ஒரு வசனம். நீ எழுந்து, "அந்த மாரியில் பாண் எல்லாருக்கும் பிரியமாய் இருந்தது" என்றாய். வகுப்பு முழுக்கச் சிரித்தது. "யாழ்ப்பாணத்தில் பாணையும் காதலிக்கிறவையோ" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் பகிடி விட்டான். நீ இருந்துவிட்டாய். அதற்குப் பிறகு இரண்டு நாளாக அந்தப் பாடத்துக்குப் போகவில்லை. இவ்வளவும்தானே?

பிழை பிழைதான் குஞ்சு, அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. முப்பத்துநான்கு வருடம் இங்கிலிஷ் படிப்பித்தவள் பேத்தி என்பதற்காகப் புள்ளி கூட்டிப் போடமாட்டேன். அந்த வசனம் சொல்வது, அந்த மாரியில் பாண் விலை கூட என்பதுதான். "டியர்" என்ற சொல்லுக்கு அன்புக்குரிய என்று ஒரு பொருள், விலை கூடிய என்று இன்னொரு பொருள். உனக்கு முதலாவது தெரிந்திருந்தது. இரண்டாவது தெரியவில்லை. அது உன் குற்றமும் இல்லை. இப்போது வருகிற புத்தகங்களிலும் படங்களிலும் விலை கூடியதை "எக்ஸ்பென்சிவ்" என்கிறார்கள். அமெரிக்கர்கள் "டியர்" என்று விலையைச் சொல்வது மிகவும் குறைவு. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். எங்கள் ஊரில் பழைய இங்கிலிஷ் வாத்திமாரும் சொல்வார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் அயலில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காயைக் கையில் தூக்கிப் பார்த்து, "ரூ டியர், ரூ டியர்" என்று திரும்ப வைப்பார். காய்காரப் பெண் அவர் கத்தரிக்காயைக் கொஞ்சுகிறார் என்று நினைத்திருக்க மாட்டாள். அவருடைய முகம் அவளுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும்.

உனக்கு முகம் பார்க்க வழியில்லை, வசனம் மட்டும்தான் கிடைத்தது. ஆனால் வசனத்துக்கும் ஒரு முகம் இருக்கிறது. அதைப் பார்க்கப் பழகு. ஒரு பொருளைச் சொல்லி, அது "டியர்" என்று வசனம் அதோடு நின்றுவிட்டால், பெரும்பாலும் விலையைத்தான் சொல்கிறது. "வெஜிற்றபிள்ஸ் ஆர் டியர்" என்றால் மரக்கறி நெருப்பு விலை. ஆளின் பெயருக்கு முன்னால் வந்தால் அன்பு. "டியர் ஃபிரென்ட்" என்பதை விலை கூடின சிநேகிதன் என்று யாரும் எடுக்க மாட்டார்கள். பொருளுக்குப் பின்னால் "ரு மீ" என்றோ "ரு ஹேர்" என்றோ ஒரு ஆள் வந்து நின்றால், அங்கேயும் அன்புதான். "த ஹவுஸ் இஸ் டியர்" என்றால் வீட்டுக்கு விலை கூடக் கேட்கிறார்கள். "த ஹவுஸ் இஸ் டியர் ரு ஹேர்" என்றால் அந்த வீட்டை அவளால் விட முடியாது. இரண்டு சின்னச் சொல் சேர்ந்ததும் காணி புறோக்கர் வெளியே போய்விடுகிறான், வீட்டுக்காரி உள்ளே வந்துவிடுகிறாள்.

இன்னொரு இடத்திலும் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். "த பிறைஸ் இஸ் டியர்" என்று எழுதாதே. பொருள்தான் டியர், விலை "ஹை". இதைக் கொப்பியில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுப் போட்டு எனக்குக் கை நொந்திருக்கிறது. "டியர்லி" என்று வந்தால் கவனமாகப் பார். "லவ்" என்பதோடு வந்தால் உயிருக்கு உயிராக என்று பொருள். "பே" என்பதோடு வந்தால், செய்ததற்கு மனிதர் வருந்திக் கொடுத்த விலை, பெரும்பாலும் அது காசாக இராது. எதிர்ச்சொல்லான "சீப்" என்பதற்கும் இரண்டு முகம் உண்டு. சாமானைச் சொன்னால் மலிவு, ஆளைச் சொன்னால் கீழ்த்தரம். உன்னைப் பார்த்துச் சிரித்த பிள்ளையை அந்தச் சொல்லால் நீ தொலைபேசியில் சொன்னது எனக்குக் கேட்டது. இனிச் சொல்லாதே. அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை.

பாடம் இவ்வளவுதான். இதற்குமேல் சொல்லப்போவதுதான் எனக்கு அன்றிரவு நித்திரையைக் கெடுத்தது.

நீ "பிரியமாய் இருந்தது" என்றாய் அல்லவா? அந்தச் சொல் என் காதுக்குள்ளேயே கிடந்தது. எழும்பி விளக்கைப் போட்டு, அலுமாரியிலிருந்த பழைய அகராதிகளை இறக்கினேன். எனக்கு மங்கலாக ஞாபகம் இருந்தது சரியாகவே இருந்தது. பிரியம் என்ற சொல்லுக்கு அன்பு, விருப்பம் என்ற பொருளோடு விலையேற்றம் என்ற பொருளும் பழைய தமிழில் இருந்திருக்கிறது. அரிசி பிரியமாய் விற்கிறது என்றால் அரிசி விலை ஏறிப்போயிற்று என்று அர்த்தம். எங்கள் பேச்சில் அது எப்போதோ உதிர்ந்துவிட்டது. தெலுங்குக்காரர் இன்றைக்கும் விலை கூடிய சாமானைப் பிரியம் என்று சொல்வதுண்டு. அப்படிப் பார்த்தால் உன் வாயில் வந்த சொல் சரியான சொல். சொன்ன உனக்கும் தெரியவில்லை, சிரித்தவர்களுக்கும் தெரியவில்லை.

இது தற்செயல் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. "டியர்" என்ற சொல் பழைய இங்கிலிஷில் தொடக்கத்திலேயே இரண்டையும் ஒன்றாகத்தான் சுமந்தது. அருமையானது, ஆகவே விலை பெரியது, ஆகவே நெஞ்சுக்கு நெருக்கமானது. பிரெஞ்சில் "ஷேர்" என்பார்கள், இத்தாலியில் "காரோ" என்பார்கள், அங்கேயும் அன்புக்கும் விலைக்கும் ஒரே சொல். "டார்லிங்" என்று படங்களில் கொஞ்சுகிறார்களே, அது "டியர்" பெற்ற பிள்ளை. "டேர்த்" என்று ஒரு சொல் இருக்கிறது, தட்டுப்பாடு, பஞ்சம் என்று பொருள். அதுவும் "டியர்" பெற்ற பிள்ளைதான். செல்லமும் பஞ்சமும் ஒரே வயிற்றில் பிறந்திருக்கின்றன, குஞ்சு. அதை முதன்முதல் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கிணற்றடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

எங்கள் "அருமை"யை எடுத்துப் பார். அரிது என்றால் கிடைப்பது கஷ்டம். கிடைப்பது கஷ்டமானதால்தான் அருமைப் பிள்ளை, அருமந்த பொருள். இந்தக் கடிதத்தின் தலையில் "அருமைக் குஞ்சு" என்று எழுதினேனே, அதை இங்கிலிஷில் எழுதினால் "டியர்" என்றுதான் வரும். இந்தியாவில் அரசாங்க உத்தியோகத்தருக்கு விலைவாசி ஏறும்போது கூட்டிக் கொடுக்கும் படிக்கு இங்கிலிஷில் "டியர்னெஸ் அலவன்ஸ்" என்று பெயர். தமிழ்நாட்டில் இப்போது அகவிலைப்படி என்கிறார்கள், முந்தி பஞ்சப்படி என்றார்கள். யார் அந்தப் பெயரை முதலில் வைத்தாரோ, அவர் "டியர்" என்பதற்குள் பஞ்சம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஷேக்ஸ்பியரின் 87ஆவது சொனெற் இந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் வைத்தே தொடங்குகிறது. நூல்நிலையத்தில் எடுத்துப் படி. நான் சொல்லி நீ கேட்பதைவிட அது நல்லது.

என் தம்பி, உன் அம்மாவின் மாமா, 1985இல் ஜேர்மனிக்குப் போனவர். போய்ச் சில மாதத்தில் எழுதினார், "இங்கே எல்லாம் தொய்யர், அக்கா" என்று. தொய்யர் என்பது அவர் இருக்கிற ஊரின் பெயர் என்று நினைத்து நான் அடுத்த கடிதத்தில் "தொய்யரில் குளிர் எப்படி?" என்று கேட்டிருந்தேன். விலை கூட என்பதற்கு அங்கே அதுதான் சொல். பிறகு வடிவாக மொழி படித்தபின் இன்னொரு கடிதத்தில் எழுதினார். அங்கே பழைய ஆட்கள் கடிதங்களில் அன்புக்குரிய என்பதற்கும் அதே சொல்லைத்தான் எழுதினார்களாம். "டியர்" என்பதன் ஒன்றுவிட்ட சகோதரம் அது. அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் ஒற்றுத்தாள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஏன் கிழிந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபின் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றறி, மெழுகுதிரி, சீமெந்து எல்லாம் வர விடாமல் மறித்தார்கள். கள்ளமாக வந்தது வந்த விலைக்குப் போனது. உன் அம்மா ஓ.எல். படித்தது ஜாம்போத்தல் விளக்கில். அடியில் பஞ்சை வைத்து, பஞ்சு நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, ஒரு திரி. காற்று வந்தால் அவள் புத்தகத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சுடரைப் பொத்துவாள், கோழிக்குஞ்சைப் பொத்துவது போல. இரவு பி.பி.சி. தமிழோசை கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றுவோம். டைனமோவில் றேடியோ பாடும். சுற்றுகிற கை ஓய்ந்தால் செய்தி நின்றுவிடும். ஒரு நாள் நடுவில் அவளுக்குக் கை வலித்து விட்டுவிட்டாள். எந்த ஊரில் குண்டு விழுந்தது என்ற இடத்தில் நின்றுபோயிற்று. அன்றைக்கு அவளுக்கு ஏசினேன். இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

அந்த வருடங்களில் ஒரு மாரி. மா இல்லை. பேக்கரியை அப்போது வெதுப்பகம் என்று சொல்வோம். இருட்டோடு போய் வரிசையில் நிற்க வேண்டும். மழைக்குள் ஒரு பொலித்தீன் பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று, ஒரு இறாத்தல் பாணைச் சீலைத் தலைப்புக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். உன் அம்மா அதை வெட்ட விடவில்லை. முதலில் முகத்தோடு சேர்த்து மணந்தாள். "அம்மா, சூடு" என்றாள். சூடு ஆறும்வரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாரியில் பாண் எங்களுக்குப் பிரியமாய்த்தான் இருந்தது, குஞ்சு. இரண்டு பொருளிலும். நீ எழுந்து சொன்ன வசனம் உன் வீட்டில் நடந்த வசனம்.

தம்பியின் கடிதங்கள் அந்தக் காலத்தில் கொழும்புக்கு வந்து, அங்கே யாரோ ஒருவரின் கையில் ஏறி, கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் தாண்டி வரும். நாலு மாதம், ஐந்து மாதம். அந்தக் கடலில் எத்தனையோ சனம் செத்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற ஆள் மடிக்குள் எங்களுடைய கடிதத்தையும் வைத்துக்கொண்டு வந்தார். அதன் தலையில் "அன்புள்ள அக்கா" என்று இருக்கும். அந்த இரண்டு சொல்லின் விலை எனக்குத் தெரியும். ஆகவேதான் "டியர்" என்று எழுதுவது வெறும் சடங்கு என்று யாரும் சொன்னால் எனக்குப் பொறுக்காது. முன்பின் தெரியாத மேலதிகாரிக்கு "டியர் சேர்" என்று எழுதுகிறோம், உண்மைதான். அங்கே அது மரியாதை. வாசலில் செருப்பைக் கழற்றுவது போல. அதையும் விட்டுவிடாதே. போன மாதம் நீ வேலைக்கு எழுதின விண்ணப்பத்தை எனக்குத் திருத்த அனுப்பினாயே, அது "ஹாய்" என்று தொடங்கியது. அந்த வேலையைத் தருகிறவர் உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவரா, பிள்ளை?

அகராதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நீ கொட்டாவி விட்டாலும் பரவாயில்லை. இங்கிலிஷையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல் சேர்த்த பெரிய வேலை ஒன்று எங்கள் மண்ணில் தொடங்கியது. 1818இல் வந்த யோசப் நைற் பாதிரியார் நல்லூரில் இருந்துகொண்டு அதைத் தொடங்கினார். தமிழ்ப் பண்டிதர்கள் கூட இருந்து உழைத்தார்கள். அவர் 1840இல் இறந்துபோனார். 1842இல் சந்திரசேகர பண்டிதரின் தமிழ் அகராதி வந்தது. மானிப்பாய் அகராதி என்று சொல்வோமே, அதுதான். உடுவிலில் இருந்த வின்சுலோ பாதிரியார் பிறகு சென்னைக்குப் போய், நைற் தொடங்கிய வேலையை வளர்த்து 1862இல் தமிழ்–இங்கிலிஷ் அகராதியாக வெளியிட்டார். 67,000க்கு மேற்பட்ட சொல். தொடங்கினவர் முடிவைப் பார்க்கவில்லை. வின்சுலோ பாதிரியாருடைய மனைவி ஹரியற்றை உனக்குத் தெரியும், 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கினவர். பெண்பிள்ளைகளுக்கு எழுத்தெதற்கு என்று கேட்ட காலம். அவர் 1833இல் உடுவிலிலேயே இறந்தார்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரித்தபோது 97,000 நூல்கள் போயின. நான் அங்கே மேசையில் இருந்து பென்சிலால் குறிப்பெடுத்த அகராதிகளும் அதற்குள். அதற்குப் பிறகுதான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மறுபதிப்பு ஒன்றை வாங்கினேன். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. "டியர்" என்று சொல்லித்தான் கடைக்காரர் கையில் தந்தார். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்த அன்று, அதைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினேன். உன் அம்மாவின் சான்றிதழ்களும் தம்பியின் கடிதங்களும் அதற்குள். சீலை ஒன்றும் எடுக்கவில்லை. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை பாதிதான் இருந்தது. அகராதி முழுக்க இருந்தது.

அதனால்தான் கேட்கிறேன். உன் தொலைபேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் அது முதல் பொருளை உடனே நீட்டிவிடும், நீயும் அதோடு மூடிவிடுவாய். மூடாதே. கீழே இரண்டாவது, மூன்றாவது பொருளும் இருக்கும், அதுவரைக்கும் இறங்கு. தெரியாத சொல்லை எல்லாரும் தேடுவார்கள். தெரிந்த சொல் வசனத்துக்குள் கொஞ்சம் இடறினால், அதை நீ தேடு. பாணை எல்லாரும் விரும்பினார்கள் என்று ஒருவர் ஏன் ஒரு வரலாற்றுப் பந்தியில் எழுத வேண்டும் என்று அந்த இடத்தில் உன் மனம் ஒருக்கால் நின்றிருக்கும், எனக்குத் தெரியும். நின்ற மனத்தை நீ தள்ளிக்கொண்டு போய்விட்டாய். ஒரு கொப்பி வை. சொல்லை மட்டும் எழுதாதே, அது வந்த வசனத்தையும் எழுது. 2022இல் கொப்பி விலை ஏறியபோது பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கணக்குச் செய்தாயே, அந்தத் தாள்களில் ஒன்றைக்கூட நீ வீணாக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாளைக்கு வகுப்புக்குப் போ. முன்வாங்கில் இரு. விரிவுரையாளரிடம் பிரியம் என்ற சொல்லின் பழைய பொருளைச் சொல். பகிடி விட்ட பிள்ளைக்கும் சொல், கோபமில்லாமல். அவனுக்கும் அது பிடிக்கும். போகுமுன் சாப்பிடு. தலைக்கு நல்லெண்ணெய் வைக்கிறாயோ என்று நான் கேட்கவில்லை, உன் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, வைப்பதில்லை. இரவு ஒரு மணிக்கு வட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே "ஒன்லைன்" என்று கிடக்கிறது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதற்குப் பதில் தாளில் எழுது. ஒரு பக்கம் போதும். தபாலில் மூன்று நாள் எடுத்தால் எடுக்கட்டும்.

இந்த முறை எங்கள் கருத்தக்கொழும்பான் சரியாகக் காய்க்கவில்லை. பூத்த நேரம் பார்த்து மழை அடித்துக் கொட்டிவிட்டது. மரம் முழுக்கப் பதினொரு காய். திருநெல்வேலிச் சந்தையில் விலை கேட்டுவிட்டு உன் அப்பா பேசாமல் வந்துவிட்டார். பதினொன்றில் ஆறை வைக்கோலுக்குள் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு பஸ்ஸில் அனுப்புகிறேன், விடிய ஐந்து மணிக்குப் போய் வாங்கிக்கொள். இரண்டு உனக்கு, மற்றது அறையிலுள்ள பிள்ளைகளுக்கு. ஒன்றைப் பகிடி விட்ட பிள்ளைக்குக் கொடு.

பிரியமுள்ள,
அம்மம்மா